நடக்காமற்போன குற்றங்கள்

ஆலன் சில்லிட்டோ 1959-இல் எழுதிய 'நெடுந்தொலைவு ஓட்டக்காரனின் தனிமை' என்ற கதையை வாசித்தவர்கள் அதன் முடிவை மறந்திருக்க மாட்டார்கள். ரொட்டிக்கடையில் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்த ஸ்மித் நன்றாக ஓடக்கூடியவன். அவன் வென்று தரப்போகும் கோப்பையால் தன் நிறுவனத்துக்குப் பெருமை சேரும் என்று கணக்குப் போடுகிறார் அதன் தலைவர். பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னே வரும் ஸ்மித், முடிவுக் கோட்டை நெருங்கியதும் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். விளையாட்டு இளைஞர்களைத் திருத்தும் என்ற ஆங்கிலேய நம்பிக்கையிடம் இலக்கியம் கேட்ட கேள்வி அது: யாருக்காக ஓடுவது?

அந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1857-இல் 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' நாவலை எழுதிய தாமஸ் ஹியூஸ், 1854-இல் லண்டனில் தொடங்கப்பட்ட உழைக்கும் மக்கள் கல்லூரியில் தொழிலாளர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர். உடலைப் பழக்கினால் ஒழுக்கம் தானே வரும் என்பது அக்காலத்துச் சிந்தனை. 1902-இல் கென்ட் பகுதியின் பார்ஸ்டல் கிராமத்தில் இளங்குற்றவாளிகளுக்கெனத் தனிச்சிறை ஏற்பட்டபோது, உடற்பயிற்சியும் கட்டுப்பாடும் அதன் தூண்களாயின. அந்தக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தன. எல்லா இடங்களிலும் கற்றுக்கொடுப்பவர் மேலே இருந்தார்; கற்றுக்கொள்பவன் கீழே இருந்தான். ஸ்மித் நின்றது இந்த ஏற்பாட்டின் முன்னால்தான்.

இதற்கு மாறான ஓர் ஏற்பாடு, அறிக்கை எதுவுமில்லாமல், இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் உருவானது. டப்ளினில் 1940-இல் பிறந்த பிரெண்டன் இங்கிள் 1958-இல் பிழைப்புத் தேடி அங்கு வந்தார். எஃகு ஆலையில் வேலை செய்தார். தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் இறங்கினார், பெரிய பட்டங்கள் எதுவும் கிட்டவில்லை. வின்கோபாங்க் பகுதியில் பையன்கள் தெருவில் வம்பு செய்து திரிவதைக் கண்ட உள்ளூர்ப் பாதிரியார், இவர்களுக்கு ஏதாவது செய்யக்கூடாதா என்று அவரிடம் கேட்டார். முதலில் தேவாலயக் கூடத்தில் வாராந்தர நடன நிகழ்ச்சி. பிறகு அது குத்துச்சண்டைக் கூடமாயிற்று.

அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் கூடத்தின் தேவை பெருகியது. 1980-இல் எஃகுத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். தொடர்ந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய ஆலைகளில் ஒன்றான ஹாட்ஃபீல்ட்ஸ் இருந்த இடத்தில் 1990-இல் மெடோஹால் என்ற அங்காடி வளாகம் எழுந்தது. தந்தையின் கைப்பிடித்து ஆலைக்குள் நுழைந்த தலைமுறை முடிந்துபோனது. ஒரு பையனுக்குத் தொழிலும் நேரந்தவறாமையும் வாயடக்கமும் கற்றுக்கொடுத்த மூத்த தொழிலாளியும் ஆலையோடு காணாமற்போனார். இங்கிள் நிரப்பியது அந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் முறை எளிமையானது. தரையில் கோடுகள் வரைந்து, அவற்றின்மீது காலடி வைக்கப் பழக்கினார். பயிற்சிச் சண்டையில் உடம்பில் மட்டுமே அடிக்கலாம். தலையில் அடிக்கக் கூடாது. ஆகவே பத்து வயதுச் சிறுவனும் பட்டம் வென்றவனும் ஒரே மேடையில் நிற்க முடிந்தது. பெரியவன் தன் பலத்தை அடக்கப் பழகினான். சிறியவன் பயத்தை அடக்கப் பழகினான்.

ஜானி நெல்சனின் கதை இதற்குச் சான்று. தொழில்முறையில் முதல் மூன்று சண்டைகளிலும் தோற்றவர் அவர். 1990-இல் சொந்த ஊரிலேயே உலகப் பட்டத்துக்காக மோதியபோது பயந்து ஒதுங்கி ஆடி, சமனில் முடித்து, ஊராரின் கேலிக்கு ஆளானார். கோப்பைக் கணக்குப் போடுகிற எவரும் அன்றே கைவிட்டிருப்பார்கள். இங்கிள் கைவிடவில்லை. 1999-இல் உலகப் பட்டம் வென்ற நெல்சன் அதைப் பதின்மூன்று முறை தக்கவைத்துக்கொண்டார்.

இங்கிளைப் புனிதராக்க வேண்டியதில்லை. வெளியே கேட்கப்போகும் வசவுக்கு உள்ளேயே தோல் தடிக்கட்டும் என்று, கறுப்பினப் பையன்களை நிறத்தைச் சொல்லியே சீண்டியவர் அவர். இன்று அதை ஏற்க முடியாது. ஏமன் நாட்டுப் பெற்றோரின் மகனான நசீம் ஹமீதை ஏழு வயதிலிருந்து வளர்த்தார். 1995-இல் அவர் உலகப் பட்டம் வென்றார். 1998-இல் இருவரும் கசப்போடு பிரிந்தனர். 2018-இல் இங்கிள் இறக்கும்வரை அந்தப் பிளவு ஆறவில்லை. தந்தையின் இடத்தில் நிற்பவனுக்குத் தந்தையின் துயரமும் வந்துசேர்கிறது.

அதே 1998-இல் இன்னும் இரண்டு நடந்தன. குத்துச்சண்டைக்கும் ஷெஃபீல்டின் இளைஞர்களுக்கும் ஆற்றிய பணிக்காக இங்கிளுக்கு அரசு விருது கிடைத்தது. பத்து வயதுக் குழந்தைக்கும் விதிக்கத்தக்க 'சமூக விரோத நடத்தைத் தடை ஆணை'யைக் கொண்டுவரும் சட்டமும் நிறைவேறியது. இந்தத் தெருவுக்கு வராதே, இன்னாரோடு சேராதே என்று நீதிமன்றம் ஆணையிடலாம். மீறினால் அது குற்றம். அந்த ஆணையை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, வேறு ஆணைகளை வைத்தது. ஆணை 'போ' என்றது. எங்கே போவது என்று சொல்லவில்லை. கூடம் 'வா' என்றது.

வரலாறு பதிவேடுகளை நம்பி எழுதப்படுகிறது. வென்ற பட்டத்துக்குப் பதிவேடு உண்டு. விதித்த ஆணைக்கும் உண்டு. ஒரு மாலைப்பொழுதில் கூடத்துக்குள் நுழைந்ததால் ஒருவன் உடைக்காமல்விட்ட கண்ணாடிக்கும், இழுக்காமல்விட்ட கத்திக்கும் பதிவேடு இல்லை. விளையாட்டு குற்றத்தைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு எண்களால் விடை சொல்வது கடினமாயிருப்பது இதனால்தான். பந்தோ கையுறையோ தன்னால் யாரையும் திருத்துவதில்லை. நாளைக்கும் அதே நேரத்தில் கதவைத் திறந்து வைப்பவர் ஒருவர் வேண்டும். வின்கோபாங்க் பையன்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டமும் வெல்லவில்லை. அவர்கள் வளர்ந்து, வேலை தேடி, சாதாரண மனிதர்களாக வாழ்ந்ததுதான் அந்தக் கூடத்தின் வரலாறு. ஸ்மித்துக்கு வாய்க்காதது அது.