நடுகல் வீரர்

நடுகல் வீரர் என்போர் ஆநிரைப் பூசலிலோ ஊர்க்காவலிலோ கொடிய விலங்கோடு பொருதோ உயிர்விட்டு, அந்த ஒரு செயலுக்காகத் தம் பெயரில் கல் நாட்டப்பெற்றவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இக்கற்கள் மிகுதி. ஒருவரை வீரர் என்று அழைக்க அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பழந்தமிழ்ச் சமூகம் கல்லில் வெட்டி வைத்த விடைகள் இவை. வீரத்தைப் பற்றி இன்று மேடைகளில் கேட்டுப் பழகிய பேச்சிலிருந்து அந்த விடை வெகுவாக விலகி நிற்கிறது.

கல்வெட்டு சொல்வது

நடுகற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சில வரிகளில் முடிந்துவிடும். மன்னரின் ஆட்சியாண்டு, அவருக்குக் கீழிருந்த சிற்றரசர், ஊர், தொறு கொண்டவர் யார், மீட்டவர் யார், பட்டவர் யார் என்பதோடு சரி. தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்றால் வீழ்ந்து இறந்தான் என்று பொருள். அஞ்சாதவன், நிகரற்றவன் என்னும் அடைமொழிகள் இவற்றில் அரிது. பல்லவர் செப்பேடுகளில் அரச மரபின் புகழ் ஏடு ஏடாக நீள்கிறது. மாடு மீட்கப் போனவனின் கல்லிலோ அவன் செய்தது மட்டும் இருக்கிறது. அவன் குணம் எப்படிப்பட்டது, வாழ்நாள் முழுதும் நல்லவனாக இருந்தானா என்று கல் பேசுவதில்லை. ஒரு நாளில், ஓரிடத்தில், விலகிப் போயிருக்கலாம் என்ற நிலையில் அவன் விலகவில்லை. அதற்குத்தான் அந்தப் பெயர்.

வெற்றியும் இங்கே தகுதி ஆகவில்லை. மந்தையை மீட்டுவிட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்க முடியாமல் இறந்தவனுக்கும் உண்டு. இன்னும் ஒரு படி மேலே, மந்தையைக் கவரப் போன இடத்தில் மாண்டவனுக்கும் உண்டு. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையை ஒட்டிய புலிமான் கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். உருவம் ஏதும் செதுக்கப்படாத சிறு கற்கள் அவை. தமிழகத்தில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் இவை மிகப் பழைமையானவற்றைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். ஆகோள் என்பது மாடு கவர்தல். மந்தை கவரும் வெட்சி வீரனுக்கும் அதை மீட்கும் கரந்தை வீரனுக்கும் ஒரே மரியாதை தந்த இந்தப் பார்வை இன்றைய மனத்துக்கு நெருடலாகத்தான் இருக்கும். அறம் எந்தப் பக்கம் என்று கல் தீர்ப்புச் சொல்வதில்லை. தன் கூட்டத்துக்காக எவன் உயிரைக் கொடுத்தான் என்பதையே அது பதிகிறது. ஆகவே நடுகல் வீரன் என்றால் நல்லவன் என்று எடுத்துக்கொள்வது கல்லில் இல்லாததை அதில் ஏற்றுவதாகும்.

நாட்டும் முறை

வீரன் என்ற பெயரைத் தனியொருவர் நினைத்தவுடன் தந்துவிட முடியாது. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தக்க கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொள்ள நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஊரே கூடிச் செய்யும் வேலை அது. எல்லாம் சாவுக்குப் பிறகுதான். உயிரோடு இருப்பவர் தனக்கென்று இந்தப் பெயரைக் கேட்டுப் பெற வழியே இல்லை.

சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை ஆகியவை இதே நிலைகளின் பெயரால் அமைந்துள்ளன. இளங்கோவடிகள் இந்த முறையை எந்தப் போர்வீரனுக்கும் வைக்கவில்லை. பாண்டியன் அவையில் தனியாக நின்று நீதி கேட்ட ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு வைத்தார். சேர மன்னன் செங்குட்டுவன் அவளுக்குக் கல் எடுக்க இமயம் வரை போகிறான். வீரத்தின் எல்லையை இவ்வளவு விரித்த செயல் தமிழ் இலக்கியத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

யாருக்கெல்லாம்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நடுகல் எடுத்ததை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. ஆனால் இன்று கிடைக்கும் கற்களில் மன்னர்கள் அரிது. சேவகர், இளமகன் எனப்பட்ட ஏவல் வீரர்கள், ஊர்க்காரர்கள் ஆகியோரின் பெயர்களே எங்கும் காணப்படுகின்றன. வரலாற்றில் வேறு எந்த வழியிலும் நம்மை வந்து சேர்ந்திருக்க முடியாத பெயர்கள் அவை.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் இதற்கு நல்ல சான்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல், எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு உரியது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்திருக்கிறார்கள். நாயின் செயலையும் ஆளின் செயலையும் ஒரே அளவுகோலால் அளந்த ஊர் அது. அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சண்டையில் தன் சேரிக்காகப் பொருத சேவல்களுக்கே கல் உண்டு.

இந்த வழக்கம் தமிழ் நிலத்தோடு நிற்கவில்லை. கருநாடகத்தில் வீரகல் என்ற பெயரில் பல்லாயிரம் கற்கள் உள்ளன. மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் 949இல் நடந்த தக்கோலப் போரையும் அதில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததையும் சொல்கிறது. அந்தப் போரில் திறம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு அந்த நாய் பெரிய காட்டுப் பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் மாண்டன. ஒரு பேரரசின் போரும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன.

இறந்தவன் குடும்பம்

கல் நட்டுக் கும்பிட்டதோடு ஊர் கைகழுவவில்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டுகளில் வருவது இந்த நிலமே. நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் குருதிதான். நடுகல் மரபில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதி. வீரன் என்று ஒருவனை அழைத்துவிட்டால், அவன் விட்டுச் சென்றவர்களின் சோற்றுக்கு அழைத்தவர்கள் பொறுப்பு என்று அன்றைய ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பொறுப்பு இல்லாவிட்டால் புகழ்ச்சி மலிவான பண்டமாகிவிடும்.

கணவனோடு தீப்பாய்ந்த பெண்களுக்கான சதிக்கற்களையும், தம் தலையைத் தாமே அரிந்து பலி கொடுத்தவர்களின் நவகண்டச் சிற்பங்களையும் நடுகல்லின் வகைகளாகச் சேர்த்து எழுதுவது ஆய்வாளர் வழக்கம். கல் வகை என்ற அளவில் அது சரி. ஆனால் சதிக்கல்லை வீரத்தின் பதிவாகக் கொள்ளக் கூடாது. மறுக்க அவளுக்கு இடம் இருந்ததா என்பதை எந்தக் கல்லும் சொல்வதில்லை. மறுக்க முடியாத இடத்தில் நிகழ்ந்த சாவை வீரம் என்று போற்றினால், அவளைத் தீயில் தள்ளியவர்களின் பொறுப்பு மறைந்துபோகும்.

இன்றைய நிலை

செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. வட்டெழுத்து வளர்ந்த வரலாற்றை அறியவும் இக்கற்களே பெருந்துணை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல கற்கள் காக்கப்படுகின்றன. வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் நிற்பவற்றை மக்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடுகிறார்கள். மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, கிடா வெட்டும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கல்லில் உள்ள பெயர் தெரியாது; எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களோ வழிபடுவதில்லை. கொங்குப் பகுதியின் புலிகுத்திக் கற்கள் பலவற்றில் எழுத்தே கிடையாது. பாயும் புலியும் அதன் உடலில் ஈட்டியைச் செலுத்தும் ஒருவனும் மட்டுமே அவற்றில் உள்ளனர். சாலை விரிவாக்கத்திலும் வீடு கட்டும் வேலையிலும் முதலில் அகற்றப்படுபவை இப்படிப்பட்ட பெயரில்லாத கற்களே. அவற்றை ஊர்வாரியாகப் பதிவு செய்யும் பணி இன்னும் முழுமை பெறவில்லை.