தொடாமல் நாடி பார்த்த கதை

வீட்டில் 130 காட்டும் பி.பி., டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் 150க்குப் போய்விடும். நம் வயதுக்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதிதான். அளக்கத் தொட்டதுமே அளவு மாறிவிடுகிறது. ஐ.சி. சிப்புகளுக்கும் இதே வியாதி உண்டு. அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இன்று எழுதலாம் என்று தோன்றியது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வந்த புதிதில், ஒரு போர்டு எங்களைப் படாத பாடு படுத்தியது. ஆஸிலோஸ்கோப்பின் பிராபை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும். எடுத்தால் நின்றுவிடும். "பேசாம பிராபையும் சேர்த்தே பார்சல் பண்ணிடலாம் சார்" என்றார் கூட இருந்த டெக்னீஷியன். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. ஒரு சிக்னல் வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. பிராப் அதைச் சில நானோசெகண்ட் தாமதப்படுத்தி, எங்கள் தப்பை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நானோசெகண்ட் என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெளிச்சமே சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தோமே ஒரு அடி ஸ்கேல், அவ்வளவு தூரம்தான்.

போர்டில் தப்பு இருந்தால் ஒரு கம்பியை மாற்றிச் சால்டர் வைத்துவிடலாம். சிப்புக்குள் அது நடக்காது. 1958 செப்டம்பர் 12 அன்று டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் ஜாக் கில்பி தன் முதல் ஐ.சி.யை இயக்கிக் காட்டினார். அடுத்த வருஷம் ஃபேர்சைல்டில் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கன் துண்டின் மேலேயே உலோகக் கோடுகளால் இணைப்புக் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதோடு சால்டர் இரும்புக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. தப்பு செய்தால் மாஸ்க் முதற்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும். மாதக்கணக்கில் காலமும் பணமும் போகும்.

சரி, முதலில் தனித்தனி பாகங்களை வைத்து மேஜைமேல் கட்டிப் பார்த்தால் என்ன? பார்த்தார்கள். ஆனால் மேஜைமேல் இருக்கும் கம்பிகளின் கெப்பாசிட்டன்ஸ், சிப்புக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மேஜைமேல் கிடைத்த வேகத்துக்கும் சிப்பின் வேகத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. ஆகவே கணக்குப் போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றாயிற்று.

அந்தக் கணக்கைப் போடும் புரோகிராம்களில் பெயர்பெற்றது ஸ்பைஸ். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரான் ரோரரின் வகுப்பில் மாணவர்கள் எழுதிய ஒரு புரோகிராமிலிருந்து அது கிளைத்தது. அந்த முதல் புரோகிராமுக்கு அவர்கள் வைத்த பெயர் கேன்சர்! லாரன்ஸ் நேகல் என்ற மாணவர், பேராசிரியர் டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் அதைத் திருத்தி எழுதினார். 1973 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் ஸ்பைஸ் அறிமுகமானது. 1975இல் இரண்டாம் பதிப்பு வந்தது. எல்லாம் ஃபோர்ட்ரானில் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பீடர்சன் திறந்துவிட்டதால் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் ஸ்பைஸுக்குத் தெரிந்ததெல்லாம் சூத்திரங்கள்தான். அதில் போடவேண்டிய எண்கள் சிலிக்கனிலிருந்து வரவேண்டும். ட்ரான்சிஸ்டர் எவ்வளவு கரண்ட் விடும், ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் என்பதை அளந்து கொடுக்கவேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தப்பான விடையை ஆறு தசமப் புள்ளி சுத்தமாகக் கொடுக்கும். அச்சடித்து வந்த தாளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

அந்தக் கணக்கு சரிதானா என்று சரிபார்க்க, ஒரு கேட்டின் தாமதத்தை நேரில் அளக்கவேண்டும். அங்கேதான் பி.பி. வியாதி வந்து நின்றது. சாதாரண பிராபின் கெப்பாசிட்டன்ஸ் 10 பைக்கோஃபாரட் இருக்கும். சிப்புக்குள் ஒரு இணைப்பில் இருப்பதோ அதில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நிரப்பும் குழாயை அண்டாவில் திருப்பிவிட்டு, டம்ளர் எப்போது நிரம்பும் என்று கேட்பதுபோலத்தான்.

இதற்குக் கிடைத்த வழி வெகு எளிமையானது. அதன் பெயர் ரிங் ஆஸிலேட்டர். இன்வெர்ட்டர் என்ற கேட் சரியான எதிர்வாதக்காரர். 'ஆமாம்' என்றால் 'இல்லை' என்பார், 'இல்லை' என்றால் 'ஆமாம்' என்பார். இப்படிப்பட்ட மூன்று பேரை வட்டமாக உட்கார வையுங்கள். முதலாமவர் 'ஆமாம்' என்றால் இரண்டாமவர் 'இல்லை', மூன்றாமவர் 'ஆமாம்'. அதைக் கேட்டதும் முதலாமவர் 'இல்லை' என்று மாற்றியாகவேண்டும். ஒற்றைப்படையில் ஆள் இருக்கும்வரை இந்த வாதம் ஓயாது.

மூன்றுக்குப் பதில் 101 இன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றின் தாமதம் ஒரு நானோசெகண்ட் என்றால், 'ஆமாம்' ஒரு சுற்று, 'இல்லை' ஒரு சுற்று, மொத்தம் 202 நானோசெகண்ட். விநாடிக்குச் சுமார் 50 லட்சம் தடவை ஆடும். ஓரத்தில் ஒரு சின்ன சர்க்யூட் வைத்து அதை 1024ஆல் வகுத்து வெளியே அனுப்பினால், விநாடிக்கு ஐயாயிரத்துக்கும் குறைவு. சாதாரண கவுன்ட்டரே எண்ணிவிடும். வளையத்துக்குள் யாரும் கையே வைக்கவில்லை! டாக்டர் அரை நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குகிறாரே, அந்த யுக்திதான்.

பிறகு அதே வளையத்தை ஸ்பைஸிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் 1 நானோசெகண்ட் என்று சொல்லி, சிப் 1.2 என்று சொன்னால் சிப் சொல்வதுதான் சரி. எந்தக் கெப்பாசிட்டன்ஸை விட்டோம், எந்த ரெசிஸ்டன்ஸைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தேடவேண்டியது மனுஷன் வேலை.

இதிலும் ஏமாற இடம் உண்டு. வளையத்தில் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒருவரிடம்தான் பேசுகிறது. நிஜ சர்க்யூட்டில் ஒரு கேட் மூன்று நான்கு பேரை ஓட்டவேண்டும், நீளமான கோடுகளையும் சுமக்கவேண்டும். வளையத்தின் வேகத்தை மட்டும் சொல்லிப் பெருமை பேசினால், காலி பஸ் ஓட்டி எடுத்த மைலேஜைப்போல ஆகிவிடும். அதனால் வேண்டுமென்றே சுமை ஏற்றிய வளையங்களையும் சேர்த்து வைத்தார்கள். வோல்டேஜ் குறைந்தால் எப்படி, சூடு ஏறினால் எப்படி என்று தனித்தனியாக அளந்தார்கள். மெதுவான சிப், நடுத்தரமான சிப், வேகமான சிப் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, மூன்றிலும் தேறினால்தான் டிசைன் தேறியதாக வைத்துக்கொண்டார்கள்.

இன்றும் அந்த வளையம் போகவில்லை. சிலிக்கன் தட்டில் சிப்புக்கும் சிப்புக்கும் நடுவே, வெட்டுவதற்காக விடும் குறுகிய சந்தில் இதுபோன்ற சோதனை சர்க்யூட்டுகளை வைப்பது வழக்கம். அளந்து முடித்த பிறகு, தட்டை அறுக்கும்போது அவையும் தூளாகிப் போகும். அதில் எடுத்த எண்கள் மட்டும் கம்ப்யூட்டரில் தங்கிவிடும்.

எங்கள் போர்டையும் ஒருவழியாகச் சரிசெய்து அனுப்பினோம். பிராப் இல்லாமல்தான்.