மாற்றமும் ஏற்றமும்: எடைப்பயிற்சி அட்டவணை பற்றிய ஒரு கேள்வியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தசை வளர வேண்டுமானால் பயிற்சி அட்டவணையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது இன்றைய ஜிம்களில் பரவலான நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் சரி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பயிற்சியை மாற்றுவது வேறு, சுமையை ஏற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால்தான் இந்த நம்பிக்கை வேரூன்றியது என்பது இதன் வாதம்.

1. கேள்வி

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழக எல்லை பக்கத்தில். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை அதைவிடப் பக்கத்தில். ஷிப்ட் முடித்து ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இப்பகுதியில் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், ஒரு மாசம் ஆச்சு, ஷெட்யூல் மாத்தலாமா?" இந்த "ஒரு மாசம்" எங்கிருந்து வந்தது?

2. கல்லும் கர்லாவும்

பழைய பயிற்சிமுறையிலிருந்து தொடங்குவோம். தமிழகத் தென்மாவட்டங்களில் இளைஞர்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. கல் மாறாது, தூக்குகிறவன்தான் மாற வேண்டும். கர்லாக்கட்டையிலும் அடிப்படை இதுவே. ஒரே கட்டையைச் சுற்றும் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடும். அது கைக்கு லேசானதும் கனமான கட்டைக்குப் போவார்கள். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் எண்ணிக்கைதான் அளவுகோல். ஆக, நம் பழைய பயிற்சிமுறையில் பயிற்சி பெரும்பாலும் நிலையானது. ஏறியது எண்ணிக்கையும் எடையும்.

3. தட்டு மாட்டிய கம்பி

மேற்கிலும் தொடக்கம் இப்படித்தான். 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த யூஜின் சாண்டோ, லேசான டம்பெல்லை வைத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது என்று வயதுவாரியாகப் பட்டியல் போட்டிருந்தார். 1902இல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் தொடங்கிய மைலோ நிறுவனம், எடையைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பார்பெல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதனால் ஒரே பயிற்சியைச் செய்துகொண்டே சுமையைச் சிறிது சிறிதாக ஏற்ற முடிந்தது.

இதற்கு மருத்துவ அடிப்படை தந்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்டு, தொடைத்தசை மெலிந்த வீரர்களுக்குச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் கனமான எடையைக் கொடுத்துப் பார்த்தார். 1945இல் முடிவை வெளியிட்டார். 1948இல் அந்த முறை சுருங்கி இன்றைய "மூணு செட், பத்து ரெப்ஸ்" ஆனது. பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் முதல் செட்டுக்குப் பாதி, இரண்டாவதற்கு முக்கால், மூன்றாவதற்கு முழுசு. வாரம் ஒருமுறை அந்த எடையைப் புதிதாக அளந்தார்கள். வாராவாரம் மாறியது எடைதான், பயிற்சி அதேதான்.

4. மாற்றம் நுழைந்த வாசல்கள்

மாற்றம் மூன்று வழியாக உள்ளே வந்தது. முதல் வழி போட்டி நாட்காட்டி. 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் ஆண்டைக் கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் அதிக அளவு, பிறகு அதிகத் தீவிரம், போட்டி நாளில் உச்சம். போட்டிக்குப் போகாதவருக்கும் பின்னாளில் அதே திட்டம் அப்படியே பொருத்தப்பட்டது.

இரண்டாவது வழி வியாபாரம். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே.வி. ஐயர், 1930களிலேயே அஞ்சல்வழிப் பாடங்கள் அனுப்பினார். பாடம் விற்பனைக்கு வந்துவிட்டால் அடுத்த பாடமும் தேவைப்படும். அமெரிக்காவில் ஜோ வீடரின் பத்திரிகைகளுக்கு மாதந்தோறும் புதிய அட்டவணை வேண்டியிருந்தது. "தசையைக் குழப்பு" என்பது அவர் பட்டியலிட்ட கோட்பாடுகளில் ஒன்று. 2000களில் அதுவே வீட்டுப் பயிற்சி வீடியோக்களின் விளம்பர வாசகமானது. "ஒரு மாசம்" என்பது தசையின் கெடுவைவிடப் பத்திரிகையின் கெடுவுக்கே பொருந்துகிறது.

மூன்றாவது வழி வலி. புதுப் பயிற்சி செய்த மறுநாள் உடம்பு பிடித்துக்கொள்ளும். அதை வளர்ச்சியின் அறிகுறி என்று நம்பி, அந்த வலி மீண்டும் வருவதற்காகப் பயிற்சியை மாற்றினார்கள்.

5. ஆய்வகம் சொன்னது

1979இல் மொரிடானியும் டிவ்ரிஸும் காட்டியது இது: முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு பழகுவதால் வருவது, தசை வளர்ச்சியின் பங்கு அதற்குப் பிறகே மேலோங்குகிறது. 2016இல் பெலிப்பே டமாஸ் குழுவினரின் ஆய்வு வலி நம்பிக்கையை நேராகத் தொட்டது. பழக்கமில்லாத பயிற்சியின் முதல் வாரத்தில் புரத உற்பத்தி எகிறுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சிதைவைச் செப்பனிடவே செலவாகிறது. உடம்பு பழகிச் சிதைவு குறைந்த பிறகுதான் உற்பத்தி வளர்ச்சிக்குப் போகிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுகிறவர், அறுவடை தொடங்கும் நேரத்தில் மறுபடி உழத் தொடங்குகிறார்.

அதற்காக மாற்றமே வீண் என்றும் சொல்ல முடியாது. 2014இல் பொன்செக்கா குழு 12 வாரம் நடத்திய சோதனையில், ஸ்குவாட் மட்டும் செய்தவர்களுக்குத் தொடை முன்தசையின் எல்லாப் பகுதிகளும் வளரவில்லை. ஸ்குவாட்டோடு லெக் பிரஸ், டெட்லிப்ட், லஞ்ச் என்று கலந்து செய்தவர்களுக்கு நான்கு பகுதிகளும் வளர்ந்தன. 2019இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. டமாஸ் குழு ஒரே ஆளின் ஒரு காலுக்கு நிலையான பயிற்சியும் மறுகாலுக்கு எடை, அளவு, ஓய்வு என மாறிக்கொண்டே இருக்கும் பயிற்சியும் 8 வாரம் கொடுத்தது. இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தன. பாஸ்-வாயே குழு ஒவ்வொரு முறையும் செயலி தேர்ந்தெடுத்த பயிற்சியை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தது. தசை வளர்ச்சியில் அவர்கள், நிலையான பயிற்சி செய்த மற்றவர்களை மிஞ்சவில்லை. பயிற்சியின் மேல் ஆர்வம் மட்டும் கூடியிருந்தது. திட்டமிட்ட ஓரளவு மாற்றம் நல்லது, அளவு மீறினால் பின்னடைவு என்பதையே 2022இல் வந்த கசியானோ குழுவின் தொகுப்பாய்வும் சொன்னது.

6. வேலூர்ப் பாடம்

சித்தூருக்கு அண்டை ஊரான வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். 1972க்குப் பிறகு பளுதூக்கும் போட்டியில் இருப்பவை ஸ்னாட்ச், கிளீன் அண்டு ஜெர்க் ஆகிய இரண்டே முறைகள். அந்த இரண்டை மையமாக வைத்தே ஆண்டுக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. பளுதூக்குவோரின் இலக்கு பலம், தசையின் அளவல்ல என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே பயிற்சி சலித்து உடம்பு தேங்கிவிடும் என்ற பயத்துக்கு இது போதுமான பதில்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறையை வகுக்கலாம். ஒருவர் 40 கிலோவில் பெஞ்ச் பிரஸ் செய்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு செட்டின் எண்ணிக்கையையும் எழுதும் நோட்டில் முதல் நாள் 8, 8, 7. சில வாரங்களில் 10, 9, 9. மூன்று செட்டும் 12 தொட்டதும் இருபுறமும் ஒண்ணேகால் கிலோ தட்டு ஏறும். எண்ணிக்கை மறுபடி 8க்கு இறங்கும். பார்ப்பவருக்கு அதே அட்டவணை; தசைக்கு அது ஒவ்வொரு முறையும் புதுசு.

முதன்மைப் பயிற்சிகளை இரண்டு மூன்று மாதமாவது விடாமல் வைத்துக்கொள்வதும், அதன்பின் துணைப் பயிற்சிகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவதும் போதும். மூட்டு வலித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் நோட்டில் எண்கள் வாரக்கணக்கில் நகராவிட்டாலோ, உண்மையிலேயே சலித்துவிட்டாலோ முன்னதாகவும் மாற்றலாம். அட்டவணையை மாற்றித் தரும்படி கேட்பவரிடம் மாஸ்டர் முதலில் கேட்க வேண்டியது: "போன மாசத்து நோட்டு எங்கே?"