கொல்லாமற் கிடைக்கும் ஊன்

ஊன் உண்பது பற்றிய வாதம் நம் மக்களுக்குப் புதியதன்று. வாங்கித் தின்பார் இல்லையாயின் கொன்று விற்பாரும் இலர் என்று, ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்திலே வள்ளுவப் பெருந்தகை வாங்குவோன் தலையிலும் குற்றத்தை ஏற்றிவைத்தார். கொல்லாமலே ஊன் விற்கும் ஒரு காலம் வருமென்று அன்று யார் கண்டார்?

2013 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் திகதி, ஒல்லாந்து தேசத்துப் பேராசிரியர் மார்க் போஸ்ட் என்பார், மாட்டுத் தசையின் உயிரணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துச் செய்த இறைச்சித் துண்டொன்றை இலண்டன் மாநகரிலே பொரித்துக் காட்டினார். அவ்வொரு துண்டுக்குச் செலவு சுமார் 250,000 யூரோ! ஏழாண்டுகளின் பின், 2020 டிசம்பரில், தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூர் இவ்வாறு வளர்த்த கோழியிறைச்சியை விற்க உலகிலேயே முதன்முதலாக அனுமதி கொடுத்தது.

சைவ மனத்துக்கு அங்கும் ஒரு முள் உண்டு. உயிரணு வளர ஊட்டநீர் வேண்டும். தொடக்கத்தில் அதிற் கலந்தது, சினைப்பசுவை வெட்டும்போது அதன் வயிற்றுக் கன்றின் குருதியினின்று பிரித்தெடுத்த தெளிநீர். கோழி தப்பியது, பசு தப்பவில்லை. இத்தெளிநீர் சேராத முறைக்குச் சிங்கப்பூர் அனுமதி வழங்கியது 2023 ஜனவரியிலேதான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம், சில நிபந்தனைகளோடு அதை உண்ணலாமெனத் தீர்ப்பளித்தது. நமக்கோ அப்படி ஒரே வாயாய்த் தீர்ப்புச் சொல்லும் பீடம் இல்லை. மரக்கறியன்றி வேறு தொடாதாரும் நம்மவர். முனியாண்டிக்குச் சேவல் அறுப்பாரும் நம்மவர்.

மேல்நாட்டில் எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. 2023 நவம்பரில் இத்தாலியும், 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா, அலபாமா மாநிலங்களும் விற்பனையைத் தடுத்துச் சட்டஞ் செய்தன. மாடு வளர்ப்போன் பிழைப்புக் கெடுமே என்பதே அங்கே பெரிதாய்க் கேட்ட குரல். இதைச் சுயநலம் என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

நம் இலங்கையில் 2020 செப்டெம்பரில், மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கிற்று. பௌத்தரும் இந்துக்களும் பலர் மகிழ்ந்தனர். ஆனால் உண்போருக்கு வெளிநாட்டு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பதென்றும் அதே தீர்மானத்தில் இருந்தது. கத்தி கடல் கடந்தாற் பாவம் கரையுமோ? முதிர்ந்த மாடுகளுக்கு ஒரு திட்டம் என்றும் சொல்லப்பட்டது. மாடறுப்பை ஒழுங்குசெய்யும் 1893 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு 2021 இலும் நடந்தது. தடை நடைமுறைக்கு வரவில்லை.

தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, லயத்துப் பின்புறம் ஒரு கறவைப் பசு நின்றால் அது பிள்ளையின் கொப்பி, புத்தகம். மாதக் கடைசியில் மாவும் அரிசியும். பால் வற்றிய பின்னும் அதற்குத் தீனி தேட நாட்சம்பளக் குடும்பத்தால் ஏலுமா? மாட்டு வியாபாரி வருவான். திருநீறு பூசிய நம் கை கயிற்றை அவனிடம் கொடுக்கும். எங்கே கொண்டுபோகிறாய் என்று வாய் கேளாது. மாட்டுப் பொங்கலன்று மாலை சூட்டியதும் அதே கைதான்.

ஆய்வுகூட இறைச்சி நாளை பதுளைக் கடைத்தெருவுக்கு வரலாமா என்று கேட்டால், உயிர்க்கொலை குறையுமே, வரட்டும் என்பர் வாலிபர். ஊன் ஊன்தானே என்பர் பெரியோர். எவர் சொல் வென்றாலும், மலிவாய் அது வந்த அன்று வியாபாரி நம் லயத்துக்கு வரமாட்டான். கொட்டிலில் நிற்கும் கிழப்பசுவுக்குப் புல்லறுக்கப் போவது யார் என்பதைச் சங்கக் கூட்டத்தில் முதலில் பேசுவோமாக.