இரைச்சலில் பேச்சு: முதியோர் செவிப் பயிற்சி எந்தச் சொல்லில், எவர் குரலில்?

செவிப் பரிசோதனைக்கு வரும் முதியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான்: "சத்தம் கேக்குது; என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல." அமைதியான அறையில் எடுக்கும் ஆடியோகிராம் இந்தக் குறையில் பாதியைத்தான் காட்டும். வயது ஏற ஏற முதலில் மங்குபவை உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக வந்து சேர்ந்துவிடும். சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டும் மெய்யொலிகளின் தடயங்களோ பெரும்பாலும் மேலே, மெலிந்து கிடக்கும். கல்யாணப் பந்தியின் கூச்சல் முதலில் மூடுவது அவற்றைத்தான். காது மெஷின் எதிரில் இருப்பவரின் பேச்சைப் பெருக்கும். பக்கத்து இலைக்காரரின் பேச்சையும் சேர்த்தே பெருக்கும்.

கோளாறு ஒலியின் அளவோடு முடிவதும் இல்லை. 2009இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளைப் பலத்த இரைச்சலுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் உட்செவியின் மயிர்ச்செல்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பெருமளவில் அறுந்து, மீளாமலே போயின. மனிதர்களிடம் இதன் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் ஓயவில்லை. கருவி பொருத்திய பின்னும் குறை தீராதவர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கருவி தராததைப் பழக்கம் தருமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ராபர்ட் ஸ்வீடோவும் ஜெனிஃபர் ஹெண்டர்சன் சேப்ஸும் உருவாக்கிய 'லேஸ்' என்ற கணினிப் பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். பலர் பேசும் சலசலப்புக்கு நடுவே ஒரு வாக்கியம் ஒலிக்கும். பிறகு அது திரையில் எழுத்தாக வரும். புரிந்தது என்று அழுத்தினால் அடுத்த முறை இரைச்சல் கூடும், இல்லை என்றால் குறையும். வேகமாக ஓட்டிய பேச்சு, கூடவே ஒருவர் குறுக்கிடும் பேச்சு என்று வேறு பயிற்சிகளும் உண்டு. 2006இல் வெளியான முதல் ஆய்வு முன்னேற்றம் காட்டியது. ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் இன்னும் பயிற்சியைத் தொடங்காதவர்கள்.

அந்த ஒப்பீட்டில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு மாதம் தன் காதின் மேல் அக்கறை வைத்து எதையாவது செய்தவர், எதுவும் செய்யாதவரைவிடத் தேறியவராகத் தெரிவதில் வியப்பில்லை. கேப்ரியல் சாண்டர்ஸும் குழுவினரும் கருவி அணிந்த 279 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை நான்கு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுகளுக்கு இரு வடிவங்களில் லேஸ், ஒன்றுக்கு ஒலிப்புத்தகம் கேட்கும் போலிப் பயிற்சி, மற்றொன்றுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். 2016இல் வெளியான முடிவில் நான்குக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செவிப் பயிற்சியை மருந்துக்கடைச் சத்து டானிக் போல விற்கும் விளம்பரங்களில் இந்த ஆய்வு பேச்சுக்குக்கூட வராது.

ஆனாலும் பயிற்சியே வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் மேத்யூ பர்க்கும் லாரி ஹியூம்ஸும், காது மந்தமான முதியவர்களுக்கு இரைச்சலில் குறிப்பிட்ட சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கொடுத்தார்கள். பழகிய சொற்களில் தேர்ச்சி நன்றாகக் கூடியது; அவற்றைப் புதியவர் சொன்னாலும் பிடித்துக்கொண்டார்கள். பழகாத சொற்களில் பலன் சொற்பம். பயிற்சி பரவவில்லை என்று பலரும் இதைக் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஹியூம்ஸ் வேறு கணக்குப் போட்டார்: அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கும் என்றால், அந்தச் சொற்களையே பழக்கலாமே? அடிக்கடி வரும் 600 சொற்களை எடுத்துக்கொண்டார்.

குரலுக்கும் இது பொருந்தும். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இங்ரிட் ஜான்ஸ்ரூட் குழுவினர், நெடுநாள் இல்லறம் நடத்திய தம்பதியரிடம் இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். கேட்க வேண்டியது தன் துணையின் குரல் என்றால் அந்நியக் குரலைவிடச் சரியாகப் பிடித்தார்கள். வயது கூடியும் அந்த அனுகூலம் தேயவில்லை. 2013இல் இது வெளிவந்தது. செயின்ட் லூயிஸில் நான்சி டை-மர்ரி துணைவரின் குரலையே பதிவுசெய்து பயிற்சிப் பாடமாக்கினார். பயிற்சியின் குறுகிய பலனைக் குறையாகப் பார்க்காமல், அந்தக் குறுகலுக்குள் எதை வைப்பது என்று கேட்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு எதிராக நிறுத்தத்தக்க சான்று பாஸ்டனிலிருந்து வந்தது. 2017இல் ஜொனாதன் விட்டனும் டேனியல் போலியும், சராசரி 70 வயதில் உள்ள கருவி அணிந்தவர்களுக்குத் தொடுதிரை விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். விரல் நகரும்போது ஒலியில் நேரும் நுண்ணிய மாற்றத்தைக் கவனித்து, மறைந்திருக்கும் உருவத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு வாரத்துக்குப் பின் அவர்கள் இரைச்சலில் 25 விழுக்காடு கூடுதல் சொற்களைச் சரியாகச் சொன்னார்கள். நினைவுப் பயிற்சி பெற்ற ஒப்பீட்டுக் குழு முன்னேறவில்லை. பழகாத பேச்சுக்குப் பலன் தாண்டியது என்பதற்கு இது அரிய சான்று, மறுக்க முடியாது. ஆனால் 24 பேர் கொண்ட சிறிய ஆய்வு. பயிற்சி நின்ற சில வாரங்களில் பலனும் நழுவியது. ஆக, தொடர்ந்து செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி அலுக்காமல் தொடரத்தக்கது அவரவர் வீட்டுப் பேச்சுதான்.

ஆங்கிலப் பாடத்தை அப்படியே தமிழாக்கிக் கொடுப்பதும் பயன்படாது. பேச்சுத் தமிழில் 'வந்தான்' என்பதன் ஈற்றில் னகரம் மூக்கொலியாகக் கரைகிறது. 'வந்தாள்' என்பதில் ளகரம் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. வந்தது மகனா மருமகளா என்பது அந்தக் கடைசி உயிரின் மூக்கொலியில் தொங்குகிறது. 'பட்டு', 'பத்து' என்ற சொற்களையோ, அகரத்திலிருந்து நாக்கு வல்லினத்தை நோக்கி நகரும் கணத்தில் எழும் ஒலி மாற்றம்தான் பெரிதும் பிரிக்கிறது. செய்தி வாசிப்புத் தமிழில் பதிவுசெய்த பாடம் முதல் இடரைத் தொடவே தொடாது, ஏனெனில் அங்கே ஈற்று மெய்கள் முழுசாக நிற்கும். பேத்தி சமையலறையிலிருந்து பேசுவதையே பதிவுசெய்து, மிக்சி சத்தத்தோடு கலந்து கொடுப்பது இன்றைய கைப்பேசிக்கு எளிய வேலை. அதை ஒலிப்புத்தகம் கேட்கும் குழுவோடு ஒப்பிட்டு, பலன் எத்தனை மாதம் நிற்கிறது என்று அளக்கும் ஆய்வு தமிழில் தேவை.

தனியே வாழ்பவர்களுக்கு யார் குரல்? ஜான்ஸ்ரூட் குழுவினரின் 2021 ஆய்வில், முன்பின் அறியாத குரலைச் சுமார் பத்து நிமிடம் கேட்டுப் பழகிய பிறகே இரைச்சலில் அதைப் புரிந்துகொள்வது கூடியது. ஒரு மணி நேரம் கேட்டவர்களுக்கு இன்னும் கூடியது. அப்படியானால் முதியோர் இல்லத்தில் புதிதாகப் பணிக்கு வரும் பெண், முதல் நாள் மாலையில் தினத்தாளை உரக்கப் படித்துக் காட்டுவதையே பயிற்சியின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.