கடல் வந்த காலையும் ஓர் அணு உலையும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். வாசலில் விசிறியோடு குந்தியிருந்தபோது எங்களுக்குள் ஒரு கதை வந்தது: "இந்தியாவுல இருக்கிற மாதிரி நமக்கும் ஒரு அணு உலை இருந்தா இந்தப் பாடு வந்திருக்குமா?"

கேள்வி பிழையில்லை. அன்று எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. அணு உலைக்கு ஒருமுறை எரிபொருள் போட்டால் ஒரு வருசத்துக்கு மேல் ஓடும்.

ஆசையும் புதிதில்லை. சர்வதேச அணுசக்தி முகவரகம் தொடங்கிய 1957 இலேயே இலங்கை அதில் சேர்ந்துவிட்டது. 1969 இல் அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் லக்சபானவும் நமக்குப் பக்கத்து இங்கினியாகலையும் தண்ணீரிலேயே மின்சாரம் தந்தன. அணு அவசரமாகத் தெரியவில்லை. பிறகு மழை போதாமல் டீசலுக்கும் நிலக்கரிக்கும் போனோம். 2014 ஆம் ஆண்டுச் சட்டம் அணுசக்தியை வளர்க்க ஒரு சபையையும், அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு பேரவையையும் உண்டாக்கியது. 2022 ஏப்ரலில், நாடு இருட்டில் கிடந்த அதே நாட்களில், முகவரகத்தின் குழு நமது ஆயத்தத்தை மதிப்பிட வந்தது.

சரி, உலையை எங்கே வைப்பது? குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அதனால் கடற்கரைதான் முதலில் கண்ணில் படும். இங்கேதான் கல்முனைக்காரர்களான எங்களுக்கு ஒரு ஞாபகம் வருகிறது.

2004 டிசம்பர் 26. மருதமுனையையும் சாய்ந்தமருதையும் அள்ளிக்கொண்டு போன அதே கடல், அதே காலையில் தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. கடல்நீர் இறைக்கும் பம்ப் அறை மூழ்கியது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சில நாட்களில் திரும்பவும் இயக்கினார்கள். 2011 இல் ஜப்பானின் புகுஷிமாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே உலைகள் நின்றன, ஆனால் அவசர ஜெனரேட்டர்களை அலை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகள் உருகின.

இரண்டுமே கடலோரம்தான். வித்தியாசம், எவ்வளவு உயரத்தில் எதை வைத்தார்கள் என்பதிலும், எவ்வளவு பெரிய அலை வரும் என்று முன்கூட்டியே நினைத்தார்கள் என்பதிலும் இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூடங்குளத்தின் ஓர் உலை மட்டும் 1,000 மெகாவாட். நமது நாடு முழுவதின் உச்சத் தேவையே ஏறக்குறைய அதைப் போல மூன்று மடங்குதான். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் பாய்ந்ததற்கே நாடு இருண்டது. அவ்வளவு பெரிய உலை ஒன்று திடீரென்று நின்றால் இந்த வலையமைப்பு தாங்குமா? அதனால்தான் இப்போது சிறிய உலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் உலகத்தில் அப்படி ஓடுகிறவை இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லமாட்டோம். எந்தக் கரையைத் தெரிவு செய்தாலும், அந்தக் கரையின் மக்களுக்கு ஆய்வறிக்கை அவர்களின் மொழியில், முடிவெடுப்பதற்கு முன்னாலேயே கிடைக்க வேண்டும். கடல் எதுவரை வந்தது என்று எங்கள் உம்மம்மாவுக்குத் தெரியும். அவரையும் கேட்டுவிட்டு வரைபடத்தில் புள்ளி வையுங்கள்.