இருளிற் கண்டவர் யார்?



1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மக்களுக்கு இரவு என்பது அச்சத்தின் மறுபெயராயிற்று. பகற்போரில் வெற்றி காணாத ஜேர்மானிய விமானங்கள், விளக்குகளை அணைத்துவிட்டு இருளிலே வரத் தலைப்பட்டன. நவம்பர் 14ஆந் திகதி இரவு கொவென்றி நகரில் மாத்திரம் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இருளில் வரும் விமானத்தைக் காண்பது எங்ஙனம்? மனிதக் கண் இருளுக்குப் பழக ஏறக்குறைய அரைமணி நேரஞ் செல்லும். பழகிய பின்னரும், நேரே நோக்காது சற்று விலகி நோக்கினாலே மங்கிய பொருள் புலப்படும். விமானிகள் இவற்றைப் பயின்றனர். ஆயினும், நிலவில்லா இரவிற் கண் எட்டுந் தூரம் சில நூறு யாரே.

கண்ணுக்குத் துணையாகக் காதை நாடியதும் உண்டு. கென்ற் கரையிலே, விமான ஓசையைத் திரட்டுதற்கு 200 அடி நீளமான கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பப்பட்டது. விமானங்களின் வேகம் மிகவே அதன் பயன் குன்றிற்று.

வழி காட்டியது வானொலியே. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி, வாட்சன் வாற், வில்கின்ஸ் என்னும் இருவர், டவென்றி வானொலி நிலையத்தின் சிற்றலைகள் ஒரு விமானத்திற் பட்டுத் திரும்புவதைக் கண்டறிந்தனர். அதன் வழி வளர்ந்த ரேடார்க் கருவி, பின்னர் விமானத்தினுள்ளேயே ஏறிற்று.

1940ஆம் ஆண்டு நவம்பரில் ஜோன் கனிங்ஹாம் என்னும் விமானி, இக்கருவியின் துணைகொண்டு இரவிலே பகைவிமானம் ஒன்றை வீழ்த்தினார். இரகசியத்தைக் காக்க விரும்பிய அரசாங்கம், அவர் கரட் கிழங்கு மிகுதியாக உண்பதனாற் பூனைக்கண் பெற்றார் என்று பரப்பிற்று. விற்றமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் தோன்றும் என்பது மெய். மிகுதியாக உண்டால் நலமுள்ள கண் மேலும் கூர்மை பெறும் என்பது மெய்யன்று. பாதி உண்மையோடு கலந்த பொய்யே நெடுங்காலம் வாழும். அக்கதை இன்றும் வழங்குகின்றது.

கனிங்ஹாம் பெற்ற 20 வெற்றிகளுட் பெரும்பாலானவற்றில் உடன் பறந்தவர் றோன்ஸ்லி. வானத்தை நோக்காது, ரேடார்த் திரையிலே கண் பதித்து, இடம், வலம், மேல், கீழ் என வழி சொன்னவர் அவர். நெருங்கிய பின் எதிரே செல்வது நண்பனா பகைவனா என்று தெளிதற்கு விமானியின் பழகிய கண் வேண்டியிருந்தது. அங்கே தவறினால் வீழ்வது தன்னாட்டு விமானமே.

ஆகவே, இருளை வென்றது ஒருவர் கண்ணன்று. கருவியும், அதனைக் கற்றவரும், இறுதியிற் பொறுமையோடு நோக்கியவரும் சேர்ந்தே வென்றனர். புகழோ பூனைக்கண்ணுக்குப் போயிற்று. வரலாறு பயில்வோர் அக்கணக்கைத் திருத்துதல் கடனாகும்.